ஏட்டில் ஏறாத காயம்

போரிலே கையோ காலோ இழந்தவனுக்கு அரசு உதவிப்பணம் வழங்க வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதே போரிலே மனம் குலைந்தவனுக்கு என்ன வழங்குவது என்ற வினா எழும்போது வைத்தியரும் அதிகாரியும் சட்டத்தரணியும் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றனர். துண்டிக்கப்பட்ட காலை அளந்து பதியலாம்; நித்திரையின்மையை எந்த ஏட்டில் பதிவது? இவ்வினாவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 2009 மே மாதம்வரை போருக்குள் வாழ்ந்த குடாநாட்டு மக்களாகிய நமக்கு அவ்வரலாற்றை அறிவது வெறும் ஏட்டுக் கல்வி அன்று.

1915 பெப்ரவரியில் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் மூன்று போர்வீரரைப் பற்றி எழுதினார். அவர்களின் உடலில் பெருங்காயம் எதுவுமில்லை. ஆயினும் பார்வையும் நினைவும் மணமும் சுவையும் குன்றியிருந்தன. அந்நிலையை அவர் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரால் குறித்தார். 'ஷெல்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. அது நம் பேச்சுமொழியில் கலந்துவிட்ட சொல். எவ்வாறு கலந்தது என்பதையும் நாம் அறிவோம்.

மையர்ஸ் காலத்து ஆய்வாளர் சிலருக்கும் நம் பகுதிகளுக்கும் இருந்த தொடர்பு கவனிக்கத்தக்கது. 1898இல் மையர்ஸ், றிவேர்ஸ், செலிக்மன் ஆகிய மூவரும் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினராய் டொறெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றனர். பின்னர் றிவேர்ஸ் நீலகிரித் தோடரை ஆராய்ந்து 1906இல் நூல் வெளியிட்டார். செலிக்மன் இலங்கையின் வேடரை ஆராய்ந்து 1911இல் நூல் வெளியிட்டார். போர் மூண்டபோது இவ்விருவரும் மனம் குலைந்த படையினருக்குச் சிகிச்சை அளித்தனர். குடியேற்ற நாட்டு மக்களின் மனத்தை அளக்கப் புறப்பட்டவர்கள், தம் சொந்த நாட்டு இளைஞரின் உடைந்த மனத்தை எதிர்கொள்ள நேர்ந்தது.

அம்மனத்தைப் படைநிர்வாகம் எவ்வாறு நோக்கியது? பகைவரின் ஷெல் வெடித்ததால் நேர்ந்த அதிர்ச்சியாயின் 'காயம்' என்பதற்குரிய எழுத்தும், அவ்வாறு நிறுவ முடியாதாயின் 'நோய்' என்பதற்குரிய எழுத்தும் வீரனின் பத்திரத்தில் இடப்பட்டன. முதல் எழுத்தைப் பெற்றவனுக்குக் காயப்பட்டியும் ஓய்வூதிய உரிமையும் கிட்டின. இரண்டாம் எழுத்தைப் பெற்றவனுக்கு இரண்டும் இல்லை. இருவரும் ஒரே பதுங்குகுழியில் கிடந்திருக்கலாம்; ஒரே இரவில் நடுங்கியிருக்கலாம். ஓர் எழுத்து அவர்களைப் பிரித்தது. நோயின் பெயரிலும் வர்க்கம் புகுந்தது. அதிகாரி நோயுற்றால் நரம்புத் தளர்ச்சி என்றனர். சாதாரண சிப்பாய் நோயுற்றால் இசிவு நோய் என்றனர். அதுகூட எல்லார்க்கும் வாய்க்கவில்லை. களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டு, 2006இல் பிரித்தானிய நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கிய 306 பேருள் மனம் குலைந்தோரும் இருந்தனர்.

போர் ஓய்ந்ததும் பிணக்கு பணத்தைப் பற்றியதாயிற்று. 1921 அளவில் ஏறத்தாழ 65,000 பிரித்தானிய முன்னாள் படையினர் நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வூதியம் பெற்றுவந்தனர். மறு ஆண்டில் சவுத்பறோ பிரபு தலைமையிலான குழு, மனக்குலைவைப் போர்க்காயமாகக் கணிக்கலாகாது என்று அறிவித்தது. 1926இல் ஜேர்மனியின் காப்புறுதி மேற்சபை, இத்தகைய நோய்க்கு இழப்பீடு இல்லை என்று தீர்த்தது. ஓய்வூதியமே நோயை வளர்க்கிறது என்பது அவர்கள் வாதம். கால் இழந்தவனுக்குக் கொடுக்கும் பணம் இன்னொரு காலைத் துண்டிப்பதில்லை. மனம் குலைந்தவனுக்குக் கொடுக்கும் பணம் மட்டும் குலைவை வளர்க்குமாம்! கருவூலத்தைக் காக்கும் விருப்பம் மருத்துவ மொழி பேசும்போது இத்தகைய தத்துவங்கள் பிறக்கின்றன.

ஏட்டில் பெயரே இல்லாதவர் நிலை இதனினும் கொடிது. 1942–43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், 2 இலட்சத்தை எட்டிய ஆசியத் தொழிலாளரும் வதைபட்டனர். அத்தொழிலாளருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தோருள் உயிரோடிருந்தவர்க்குப் பிரித்தானிய அரசு 2000ஆம் ஆண்டில் தலைக்கு 10,000 பவுண் வழங்கியது. அதே பாதையில் தண்டவாளக் கட்டை சுமந்த தமிழன் அக்கணக்கில் சேரவில்லை. அவன் எந்தப் படையின் பதிவேட்டிலும் இருந்தவன் அல்லன்.

இந்நிலை தானாக மாறவில்லை. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க இளைஞர், அப்போரை எதிர்த்த முன்னாள் படையினர் சங்கத்தின் வழியாக 1970 முதல் நியூயோர்க்கில் வட்டமாகக் கூடித் தம் துன்பத்தைப் பேசினர். சயிம் சாட்டன், றொபேட் லிப்டன் ஆகிய உளமருத்துவர் அவர்களுடன் அமர்ந்தனர். அவ்வியக்கத்தின் அழுத்தமும் சேர்ந்தே, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' இடம்பெற்றது. அதன் பின்னரும், துன்பம் விளைத்த நிகழ்ச்சியை ஆவணத்தால் நிறுவுமாறு முன்னாள் வீரனைக் கேட்டனர். 2010 ஜூலையில்தான் அவ்விதி தளர்ந்தது. பகைவரின் தாக்குதலுக்கு அஞ்சி வாழ்ந்த இடத்தில் அவன் பணியாற்றியிருந்து, மருத்துவரும் நோயை உறுதிசெய்தால் போதும் என்றாயிற்று. இந்திய உயர் நீதிமன்றமும் 2013இல், வலிப்பு நோயால் விலக்கப்பட்ட ஒரு படைவீரனின் வழக்கில், பணியிற் சேர்ந்தபோது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததென்றே கொள்ளப்படும், அன்று என நிறுவும் கடமை அரசினது என்று தீர்ப்பளித்தது. நிறுவும் சுமை யார் தோளில் என்பதே வழக்கின் உயிர்நாடி.

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். ஷெல்லடியும் விமானக்குண்டும் வீட்டு முற்றத்தில் விழுந்தபோது சிப்பாய்க்கும் குடிமகனுக்கும் இடையிலிருந்த கோடு அழிந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் தந்தார். மறு ஆண்டில் அவரும் சிவயோகனும் வெளியிட்ட ஆய்வில், பரிசீலிக்கப்பட்ட நூற்றுச் சொச்சம் குடிமக்களுள் மூன்றில் இரு பங்கினரளவில் போரின் உளத்தாக்கம் காணப்பட்டது. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடத்திய மற்றோர் ஆய்வு, மனவடு நோய் 7 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 22 வீதத்தினரிடமும், பதகளிப்பு ஏறத்தாழ 33 வீதத்தினரிடமும் இருந்ததாகக் கூறிற்று. நம்மவர் இத்துன்பத்தை மனநோய் என்று சொல்வதில்லை. தலையிடி என்பர், நெஞ்சுப் படபடப்பு என்பர், பெருமூச்சு என்பர். 'விசர்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி உடலின் மொழியில் பேசுகின்றனர். உடலின் மொழி விண்ணப்பப் படிவத்தில் ஏறுவதில்லை.

சட்டம் முற்றாக ஊமையாய் இருக்கிறதா எனின், இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் ஆற்றலின் குறைபாட்டோடு உள ஆற்றலின் குறைபாட்டையும் வலுவிழப்பு என்றே வரையறுக்கிறது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீட்டு அலுவலகச் சட்டம் இழப்பீட்டு வகைகளுள் உளசமூக ஆதரவையும் சேர்க்கிறது. அரச படையினரின் நலனுக்கு 1999இலேயே ரணவிரு சேவா அதிகாரசபை அமைந்துவிட்டது. மறுபுறத்தில் போராடிப் புனர்வாழ்வு முகாம் கண்டு மீண்ட ஏறத்தாழ 12,000 பேர்க்கு, முன்னாள் போராளி என்ற முறையில் எவ்வித ஓய்வூதியமும் இல்லை. அவர்களுள் ஒருவன் தன் நடுக்கத்துக்கு உதவி கேட்க வேண்டுமாயின், அந்நடுக்கம் வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் புலனாய்வாளர் மீண்டும் படலையைத் தட்டுவரோ என்ற அச்சம் வருகிறது. நோயே சாட்சியாகவும் குற்றப்பத்திரமாகவும் நிற்கும் இக்கொடுமையை இலண்டன் சிப்பாயும் அறியான்.

தெற்கிலும் நிலைமை முற்றிலும் வேறன்று. படையை விட்டுத் தப்பியோடியோர்க்கு அரசு மீண்டும் மீண்டும் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஓடிய அனைவரும் கோழைகளா? வறுமையால் படையிற் சேர்ந்த சிங்கள உழவனின் மகனுக்கும் இரவு உண்டு. அவனுக்கும் கனவு உண்டு. இரு பக்கத்து ஏழைகளின் மனக்காயத்தையும் ஒரே நீதியால் அளக்கும் நாளிலேயே இழப்பீடு என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கும்.

கோரிக்கைகள் எளியவை. போர் நடந்த நிலத்தில் வாழ்ந்தவரின் மனநோயை மருத்துவர் உறுதிசெய்தால், போரின் விளைவென்றே கொள்ள வேண்டும். மறுப்பதாயின் அரசு நிறுவட்டும். எரிந்த வீட்டிலிருந்து ஆவணம் கேட்கலாகாது. விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் தமிழில் முடிய வேண்டும். அதிலுள்ள செய்தி எந்தப் புலனாய்வுப் பிரிவுக்கும் போகலாகாது. வியட்நாமிலிருந்து மீண்டவர் கூடிப் பேசியதால்தான் நோய்ப்பட்டியல் மாறிற்று. நம் ஊர்களின் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் அத்தகைய கூடல்களுக்கு இடம் கொடுக்கலாம். 'விசர்' என்ற சொல்லை வகுப்பறையிலே மாணவன் ஏளனமாய் எறியும்போது, அதை நிறுத்திப் பாடமாக்குவது ஆசிரியர் கையில் இருக்கிறது.