பெட்டியின் மேல் எழுதிய ஆண்டு

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்ரயில் 2004இல் நின்றுபோயிற்று. அப்பாதையின் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன, பெட்டிகளும் மறைந்தன. எஞ்சியவை சில புகைப்படங்கள், பலருடைய நினைவுகள், வீட்டு மேசைமேல் சிறிய அளவில் அந்த ரயிலை மீண்டும் செய்து பார்க்கும் ஆர்வலர் சிலரின் உழைப்பு, இவ்வளவே. பெட்டியைச் செய்வதைவிட அதன்மேல் எழுத்துகளைப் பதிப்பதே கடினமென்பது இந்தக் கலையில் இறங்கியவர்கள் அறிந்த செய்தி. அந்தக் கடினத்தில் கைத்திறனோடு வரலாறும் கலந்திருக்கிறது என்பதையே இங்கு சொல்ல விழைகிறோம்.

முதலில் கைத்திறன். 87இல் ஒரு பங்கு என்னும் அளவில் செய்தால், 15 செ.மீ. உயரமுள்ள எழுத்து 1.7 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். தூரிகைக்கு அது எட்டாது. ஆகவே எழுத்துகளை மெல்லிய படலத்தில் அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து, பெட்டியின்மேல் நகர்த்தி ஒட்டுகிறார்கள். அடிப்பரப்பு வழவழப்பாக இல்லையெனில் படலத்தின் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மின்னும். எனவே முன்னதாகப் பளபளப்பு வார்னிஷும், ஒட்டியபின் மங்கல் வார்னிஷும் பூசுவது வழக்கம். வீட்டிலுள்ள அச்சுப்பொறிகள் பொதுவாக வெள்ளை நிறத்தை அச்சிடுவதில்லை என்பது இன்னொரு தொல்லை. தமிழின் சுழிகளோ இந்தச் சிறிய அளவில் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

இத்தனையும் கடந்தபின் எழுகிறது மெய்யான கேள்வி: எந்த எழுத்தைப் பதிப்பது?

ஆட்சியாண்டு சொல்லாத கல்வெட்டின் காலத்தை எழுத்தின் வடிவைக் கொண்டு கணிப்பார்கள். ரயில் பெட்டிக்கும் இது பொருந்தும். 'எஸ்.ஐ.ஆர்.' என்றிருந்தால் அது தென்னிந்திய ரயில்வேயின் காலம். 1951 ஏப்ரல் 14 அன்று அந்நிறுவனமும், மதராஸ் தென்மராட்டா ரயில்வேயும், மைசூர் ரயில்வேயும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே பிறந்தது; எழுத்து 'எஸ்.ஆர்.' ஆயிற்று. மூன்றாம் வகுப்பைக் குறித்திருந்தால் 1974க்கு முந்தையது. தாம்பரம் பணிமனையைச் சார்ந்திருந்த மின்எஞ்சின்களின்மீது 'ஒய்.ஏ.எம்.1' என்றிருக்கும்: ஒய் மீட்டர் பாதையையும், ஏ மாறுமின்னோட்டத்தையும், எம் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் உரியதென்பதையும் குறித்தன. நேர்மின்னோட்டத்தில் தொடங்கிய இப்பாதை 1960களில் மாறுமின்னோட்டத்துக்கு மாறிய கதை அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஊர்ப்பலகையில் தமிழும் வேண்டுமென்போருக்கு மற்றொரு சோதனை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை 'னை', 'லை' ஆகியவை யானைத் துதிக்கை போன்ற சுழியோடு எழுதப்பட்டன. தாம்பரத்துக்கோ பல்லாவரத்துக்கோ இதனால் மாற்றமில்லை. சென்னையும் பரங்கிமலையும் மட்டும் பழைய உருவைக் கேட்கின்றன. இன்றைய கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் அவ்வுருவைத் தருவதில்லை. கையால்தான் வரைந்தாக வேண்டும்.

நாமும் ஒருமுறை நினைவிலிருந்து அந்தப் பெட்டியை வரைந்து பார்த்தோம். நாம் பயணம் செய்தது 1974க்குப் பின்னர்; ஆயினும் வரைந்த படத்தில் 'எஸ்.ஐ.ஆர்.' இருந்தது. தந்தையார் சொன்ன ரயிலும் நாம் ஏறிய ரயிலும் மனத்தில் ஒன்றாகிவிட்டிருந்தன. அப்படியொரு பெட்டியில் நாம் ஏறியிருக்க முடியாது. நினைவு ஆண்டைக் குறித்துவைப்பதில்லை. பெட்டியின் எழுத்து குறித்துவைக்கிறது. அதைத் தவறாக ஒட்டினால், நாளை அதைப் பார்க்கும் சிறுவனுக்கு என்றுமே ஓடியிராத ஒரு ரயிலைக் கொடுத்தவராகிறோம்.

சில எழுத்துகள் பெயரையும் கடந்து நிற்பவை. 1996இல் மதராஸ் ஆங்கிலத்திலும் சென்னையாயிற்று. எழும்பூரின் ரயில்வே குறியீடு இன்றும் 'எம்.எஸ்.'தான். அந்த 'எம்' எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குச் சொல்ல, பழைய பெட்டியின் சரியான மாதிரி ஒன்றாவது நம்மிடம் இருத்தல் வேண்டும்.