சக்தி: வடிவம் இலவசம், சில்லு அல்ல

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுத் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாங்காய்ப் பூட்டின் சூட்சுமம் கைவசம் இருந்தால் மட்டும் போதாது. தகடு வாங்க முதல் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி நுண்செயலிக்கு வந்த சிக்கலும் அதுவே. தொகைதான் கோடிகளில்.

2014-இல் அங்குள்ள கணினித் துறையின் ரைஸ் குழு, பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் உருவான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்புதான் அடித்தளம்; அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. அதன்மேல் மாணவர்களும் ஆய்வாளர்களும் எழுதிய செயலியையும் பி.எஸ்.டி. உரிமத்தில் திறந்துவைத்தார்கள். திண்டுக்கல் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் அதை இறக்கித் திருத்தி விற்றாலும், உரிமக் குறிப்பை நீக்காதவரை யாரும் பங்கு கேட்க முடியாது.

அந்த வடிவத்தை ஆலையில் சில்லாக்குவது வேறு கணக்கு. ஒளியால் சுற்றை அச்சிட உதவும் மாஸ்க்குகளுக்கே பெருந்தொகை போய்விடும்; பத்துச் சில்லு கேட்டாலும் பத்தாயிரம் கேட்டாலும் அந்தச் செலவு குறையாது. ஆர்வலர்கள் ஆளுக்கு ஐந்நூறு போட்டுச் சமாளிக்கிற காரியமா அது? மத்திய மின்னணு அமைச்சகம் நிதி தந்தது. 2018-இல் ஓரிகனிலுள்ள இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் நுட்பத்தில், ரைஸ்கிரீக் என்ற பெயரில் முதல் தொகுதியாக 300 சில்லுகள் வந்தன, லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரை ஒட்டிய அரசு ஆலையில் ரிமோ என்ற சக்திச் சில்லு உருவானது. அதற்குப் பயன்பட்ட 180 நானோமீட்டர் பழைய நுட்பம்தான். ஆனால் ஆலை நம்முடையது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய செய்தி.

வீட்டு மேசையில் சோதித்துப் பார்க்கிறவருக்கு அந்தச் சில்லுகள் எட்டாத தூரம். அவருக்கு வழிவிட்டது எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும், உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லு. உள்ளங்கையளவு ஆர்ட்டி ஏ7 பலகையை யூ.எஸ்.பி. கம்பியில் மடிக்கணினியோடு இணைத்து, சக்தியின் சிறிய இ-வகுப்புச் செயலியை ஏற்றிவிடலாம். அதற்கான விவாடோ மென்பொருளை இறக்கத்தான் பொறுமை வேண்டும். அளவு பல கிகாபைட். இந்தப் பாடே வேண்டாம் என்பவருக்கு, அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் வேகா செயலித் திட்டத்தில் வந்த ஏரிஸ் பலகை இருக்கிறது. அதில் தேஜாஸ்32 சில்லு. ஆர்டுயினோ பழகியவருக்குக் கை உடனே படியும்.

2020 ஆகஸ்டில் அமைச்சகம் சுதேசி நுண்செயலிப் போட்டியை அறிவித்தது. மாணவர்களும் புதுத் தொழில்முனைவோரும் சக்தியையோ வேகாவையோ வைத்துக் கருவி செய்ய வேண்டும். அதற்கென ஒதுக்கிய தொகை 4.3 கோடி ரூபாய்.