மாமா கேட்ட மணிச்சத்தம்

போன பதிவில் மதிப்பிழப்புக் கணக்கைப் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்ததற்கு மன்னிக்கவும் :) இந்த முறை இசை. ஆனால் நான் பி.காம் படிக்கிற ஆள் என்பதால் நடுநடுவே விலையும் வரியும் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் அவலூர்பேட்டை. செஞ்சிக்கோட்டைப் பக்கம் என்று சொன்னால்தான் வகுப்பில் பலருக்குப் புரிகிறது. என் தாய்மாமா அந்தக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். குழு கலைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊர் சித்தகிரி முருகன் கோயிலில் போடுவதற்கு மூன்று பாட்டு சொந்தமாக மெட்டுப் போட்டு வைத்திருக்கிறார். ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லை. "மாப்ள, உங்கிட்டதான் கம்ப்யூட்டர் இருக்குதே, நீயே பண்ணிக் குடேன்" என்று 6,000 ரூபாயைக் கையில் திணித்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய பாட்டுகளில் வருமே, மணி அடித்த மாதிரி ஆரம்பித்து அப்படியே குழைந்து போகிற பியானோ, அது வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. எலெக்ட்ரிக் பியானோ! அதிலும் ஃபெண்டர் ரோட்ஸ்! என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் வீணடித்தேன். அந்த மூன்று வாரத்தில் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஹரால்ட் ரோட்ஸ் அமெரிக்காவில் பியானோ சொல்லிக்கொடுத்த வாத்தியார். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் காயம்பட்டுக் கிடந்த வீரர்களுக்குப் பாடம் நடத்தவேண்டி வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவன் பியானோவுக்கு எங்கே போவான்? பி-17 குண்டுவீச்சு விமானத்தின் உதிரி அலுமினியக் குழாய்களை வெட்டி, மடியில் வைத்து வாசிக்கிற மாதிரி 29 கட்டைகளோடு ஒரு குட்டிப் பியானோ செய்தார். எல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான். பிறகு கிட்டார் செய்த லியோ ஃபெண்டரோடு சேர்ந்தார். 1965-ல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் வாங்கியது. அந்த வருஷமே 73 கட்டை ரோட்ஸ் சந்தைக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? பிளஸ் டூ லேபில் இசைக்கவை தட்டிப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான். கவையின் ஒரு கால் மெல்லிய எஃகுக் கம்பி, இன்னொரு கால் கனமான பட்டை. சுத்தியல் கம்பியை அடிக்கும். பக்கத்தில் இருக்கும் காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். மெதுவாகத் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஓங்கி அடித்தால் உறுமும். இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதன் போட்டியாளர் வுர்லிட்சர். அதில் கம்பிக்குப் பதில் எஃகு நாக்கு, அதாவது ரீடு. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் வைத்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டிக்குள்ளும் ரீடுதானே இருக்கிறது! அங்கே பித்தளை நாக்கு, காற்று ஊதுகிறது. இங்கே எஃகு நாக்கு, சுத்தியல் அடிக்கிறது. அந்த ஆர்மோனியம் ஒன்றும் நம்ம ஊர் வாத்தியம் இல்லை. 1842-ல் பாரிஸில் தெபெய்ன் என்பவர் காப்புரிமை வாங்கியது. கல்கத்தாவில் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார்கள். 1940-ல் அகில இந்திய வானொலி, இந்திய இசைக்கு ஒவ்வாது என்று அதற்குத் தடையே போட்டது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. வானொலி தள்ளிவைத்த பெட்டி கூத்து மேடையில் விடியவிடிய பாடிக்கொண்டுதான் இருந்தது. வெளியிலிருந்து வந்த சத்தம் எப்போது நம்முடையதாகிறது என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

மின்சார வாத்தியமும் நமக்குப் புதிதல்ல. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் பாம்பாட்டி மகுடி என்று ஊரே நம்பிய சத்தம் மகுடியே இல்லை. கிளாவியோலின் என்ற சின்ன மின் கீபோர்டு. வாசித்தவர் கல்யாண்ஜி, பின்னாளில் கல்யாண்ஜி ஆனந்த்ஜி ஜோடியில் ஒருவர். இன்றுவரை கல்யாண ஊர்வலத்தில் அந்த மெட்டுக்குப் பாம்பு நடனம் ஆடுகிறார்கள்.

சரி, ரோட்ஸ் மெட்ராஸுக்கு வந்தால் என்ன விலை? இங்கேதான் என் பாடப்புத்தகம் வருகிறது. 1991-க்கு முன் இந்தியாவின் உச்ச இறக்குமதி வரி 300 சதவீதத்துக்கும் மேல். அந்த வருஷ ஜூலை பட்ஜெட்டில்தான் மன்மோகன் சிங் அதை 150 ஆகக் குறைத்தார். பொருளின் விலை ஒரு பங்கு என்றால் வரி பல பங்கு ஆகலாம் என்பது அந்தக் காலம். அதற்கு மேல் லைசென்ஸ் தொல்லை வேறு. வண்டியோ சுமார் 60 கிலோ. ஆக, மின் வாத்தியம் சொந்தமாக வைத்திருந்தவர்கள் கோடம்பாக்கத்தில் சிலர்தான். மற்றவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள்.

இந்த வாடகைக்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி ஒரு வீடு. மலையாளப் படங்களில் இசைப்பணி செய்த ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்தபோது அவர் மகனுக்கு 9 வயது. அப்பா வாங்கி வைத்திருந்த கீபோர்டுகளையும் மற்ற கருவிகளையும் வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் கொஞ்சகாலம் ஓடியது. அந்தப் பையன்தான் ஏ.ஆர்.ரஹ்மான். கொஞ்சம் வளர்ந்ததும் அவரே கீபோர்டு வாசிக்கப் போனார், இளையராஜா குழுவிலும் வாசித்தார். அதே குழுவில் விஜி மேனுவல் மாதிரியான கீபோர்டு ஜாம்பவான்கள் இருந்தார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து ராஜா பாட்டுகளில் கிட்டாருக்கும் வயலினுக்கும் நடுவே எலெக்ட்ரிக் பியானோ எப்படி நழுவிப் போகிறது என்று ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பாட்டுக்கு அடியில் ஈரம் கசிந்த மாதிரி இருக்கும். (இது வரலாறு இல்லை, என் காது சொல்வது.)

1989-ல் ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோ கட்டினார். இன்றைக்கு நாம் ஹோம் ஸ்டூடியோ என்று பந்தாவாகச் சொல்கிறோமே, தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய முன்னோடி அதுதான். முதல் ரெக்கார்டர் வாங்க அம்மா தன் நகையைக் கொடுத்தார் என்று ரஹ்மானே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷத்தில் 'ரோஜா' வந்தது. என் மாமா கொடுத்த 6,000 ரூபாய் எனக்குச் சும்மா கனக்கவில்லை என்று இப்போது புரியும். அது அத்தை சீட்டு எடுத்த பணம்.

இதற்கிடையில் ரோட்ஸுக்கு என்ன ஆனது? செத்துப்போனது. கொன்றது ஒரு கணக்கு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் எஃப்எம் சிந்தசிஸ் என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஓர் அலையை இன்னோர் அலை வேகமாக ஆட்டினால் புதுச் சத்தம் பிறக்கும். யமஹா அந்த உரிமையை வாங்கியது. ஸ்டான்ஃபோர்டுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் ராயல்டி போனதாகச் சொல்கிறார்கள். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 அமெரிக்காவில் 1,995 டாலர், தோளில் தூக்கிப் போகலாம். அதில் ஈ.பியானோ 1 என்று ஒரு சத்தம். ரோட்ஸைப் போலச் செய்யப் போய், ரோட்ஸைவிடக் கண்ணாடி மாதிரி, மணி மாதிரி ஆகிவிட்ட சத்தம். உலகமே அதன் பின்னால் போனது. அடுத்த வருஷத்துக்குள் ரோட்ஸ் தயாரிப்பு நின்றது, வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவும் நின்றுபோனது. நம்ம ஊரிலும் காற்று மாறியது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' கம்ப்யூட்டர் சீக்வென்சர் இசைக்காகப் பெயர் வாங்கிய படம்.

அதன் பிறகு வந்ததுதான் சாம்பிள். நிஜப் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் அடித்துப் பதிவு செய்து, நாம் தொடும்போது அந்தப் பதிவைத் திருப்பி ஒலிக்க விடுவது. 1988-ல் வந்த கோர்க் எம்1 கீபோர்டில் எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து மொத்தம் 4 எம்பி இடம். ஒரு எம்பி3 பாட்டு அளவு! அதற்குள் பியானோ, புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாம். இன்று ஒரே ஒரு எலெக்ட்ரிக் பியானோவுக்குச் சில ஜிபி எடுத்துக்கொள்கிற தொகுப்புகள் இருக்கின்றன.

நான் தேடியதும் அவைதான். முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தொகுப்பை கிராக் செய்து பென்டிரைவில் ஒருவர் கொடுத்தார். இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள் லேப்டாப் படுத்துக்கொண்டது. மாமா பாடிக் கொடுத்த முதல் பாட்டின் குரல் பதிவும் அதோடு போனது. திரும்பப் பாடச் சொன்னபோது அவர் ஒன்றும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு நேர்வழி. ஜேரோட்ஸ்3 என்று ஓர் இலவசத் தொகுப்பு இருக்கிறது, 1977-ம் வருஷத்து ரோட்ஸ் ஒன்றிலிருந்து எடுத்தது. சஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயரில் ஓடும். பதிவுக்கு ரீப்பர், 60 நாள் சும்மா, பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். ஆப்பிள் கருவி இருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே எலெக்ட்ரிக் பியானோக்கள் உண்டு. காசு கொடுத்தால் ஸ்கார்பீ மாதிரி நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஜிபி கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே கட்டையை மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக ஓங்கி அடித்துப் பாருங்கள். மேலே சொன்னேனே, வெண்ணெயிலிருந்து உறுமலுக்கு, அந்த மாற்றம் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். திடீரென்று படி ஏறின மாதிரி குதித்தால் அடுக்குகள் குறைவாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் ஒரு கட்டையை அழுத்தியபடியே கடைசிவரை காத்திருங்கள். சத்தம் தானாக அடங்கவேண்டும். ஒரே துண்டு சுற்றிச்சுற்றி வந்தால் காதுக்குத் தெரிந்துவிடும். லைசென்ஸையும் படியுங்கள். இலவசம் என்பதற்கு எதற்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை.

செகண்ட் ஹேண்டில் 25 கட்டை மிடி கீபோர்டு ஒன்று 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஊருக்குக் கொண்டுபோய் மாமா முன்னால் வைத்தேன். ரோட்ஸ் வாசித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மெதுவாக, "ஆனா அது இது இல்லடா மாப்ள" என்றார். வுர்லிட்சர் போட்டேன். "இது பெட்டி மாதிரி கீது." (சத்தியமாக நான் ரீடு கதை எதுவும் அவரிடம் சொல்லவில்லை!)

"மாமா, நீங்க அப்போ வாசிச்சது எந்த கீபோர்டு?"

"சொந்தமா ஏது? வாடகைதான். யமஹா."

மண்டையில் அப்போதுதான் அடித்தது. யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசைக் கீபோர்டுகள் பலவற்றில் டிஎக்ஸ் என்ற பெயரோடே ஓர் எலெக்ட்ரிக் பியானோ சத்தம் இருக்கும். அதாவது 1965 ரோட்ஸைப் பார்த்து 1983-ல் டிஎக்ஸ்7 செய்த நகல், அந்த நகலைப் பார்த்து எடுத்த இன்னொரு நகல், அதை ஓர் இரவு வாடகைக்கு எடுத்து எங்கள் ஊர்ப் பக்கத்து மேடைகளில் வாசித்திருக்கிறார். மாமாவுக்கு அசல் அதுதான். நான் அவருக்கு முன்னால் அதன் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

டிஎக்ஸ்7-க்கு சாம்பிள்கூடத் தேவையில்லை. அதுவே கணக்கால் பிறந்த சத்தம், அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் போதும். டெக்ஸ்டு என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. திறந்த மூலம், இலவசம். அன்று இரவே இறக்கி, எலெக்ட்ரிக் பியானோவைத் தேடி எடுத்து, கொஞ்சம் எக்கோ சேர்த்துக் கொடுத்தேன். மாமா ஒரு கார்டு பிடித்தார். இன்னொன்று. நிமிர்ந்து பார்க்கவில்லை. அரைமணி நேரம் கழித்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் எழுந்தார். கை கழுவிக்கொண்டே, "இதுக்கு நாளைக்கு எவ்ளோ வாடகை?" என்று கேட்டார்.

கணக்கு: கீபோர்டு 3,500, பஸ் செலவும் கேபிளும் 640, மீதி 1,860 அத்தையிடம் கொடுத்தாகிவிட்டது. ரீப்பர் லைசென்ஸ் மட்டும் பாக்கி, அதை என் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாங்கப்போகிறேன். இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதில் டிஎக்ஸ் வேண்டாமாம், கூத்துப் பெட்டிக்காரர் ஒருவரை அழைத்து நிஜ ஆர்மோனியத்தையே பதிவு செய்யவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மைக் கடன் கொடுக்க யாராவது இருக்கிறீர்களா மக்களே?