தகரப் பெட்டியில் இருந்த ரேஷன் கார்டு

எங்கள் ஊரான வண்டூரின் பெயர் மலபாரிலிருந்து வந்தது. 1921-இல் அங்கே கிளர்ந்தெழுந்த மாப்பிள்ளை முஸ்லிம்களை ஆங்கிலேயர் அந்தமானுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் தெற்கு அந்தமானில் காடு திருத்தியவர்கள், மஞ்சேரி, வண்டூர் என்று விட்டுவந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்கள் குத்தகைக்காரரை நினைத்தபோது வெளியேற்றியதும் அந்தக் கிளர்ச்சிக்கு ஒரு காரணம். மண் பறிபோனவர்களின் துயரம் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

1949 முதல் கிழக்கு வங்க அகதிகளை அரசே இந்தத் தீவுகளுக்கு அழைத்து வந்தது. குடும்பத்துக்கு வயல் 5 ஏக்கர், மேட்டு நிலம் 5 ஏக்கர் என்று அளந்து காகிதமும் கொடுத்தது. என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கூலிக்கு வந்தவர். சாலை போட்டார், மரம் தூக்கினார். கூலிக்காரருக்கு யாரும் நிலம் அளக்கவில்லை. காட்டோரம் குடிசை போட்டுப் பாக்கு நட்டார்.

தீவுகளின் நிலமெல்லாம் மத்திய அரசுக்கே சொந்தம் என்கிறது 1966-ஆம் ஆண்டு நிலச் சட்டம். அரசு எழுதித் தந்தால்தான் உரிமை. 1978-க்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்கு மட்டுமே மாற்று இடம் என்று பிறகு கோடு கிழித்தார்கள். அன்றிலிருந்து, குடியேறிய ஆண்டுக்கே விலை வந்துவிட்டது.

அப்பாவின் தகரப் பெட்டியில் 1976-ஆம் வருட ரேஷன் கார்டு இருந்தது. ஓர் அலுவலகத்தில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் 'சாய்பானி' என்று லஞ்சம் கேட்டார்கள். இரண்டு மூட்டை கொட்டைப்பாக்கை விற்றுக் கொடுத்தார். அடுத்த முறை போனால் அங்கே புது ஆள். அவரும் கேட்டார். விற்கப் பாக்கு இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர், கொடுக்க முடிந்ததால், முன்னால் வந்தவராகப் பதிவானார்.

1978-க்குப் பிந்தைய ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. காடு காக்கப்படத்தான் வேண்டும். ஆனால் லஞ்சம் எழுதிய பட்டியலை வைத்து யாரை இருத்துவது, யாரை எழுப்புவது?

2004 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. வயல்களில் உப்புத்தண்ணீர் நின்றது. காகிதம் இருந்தவர்களால் இழப்பைச் சொல்லிக் கேட்க முடிந்தது. இழந்தோம் என்று சொல்லக்கூட எங்களிடம் சான்று இல்லை.

அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நிலக் கணக்கை மூடிய கோப்பில் வைக்காதீர்கள். யாருக்கு, எந்த ஆண்டு முதல், எவ்வளவு நிலம் என்ற பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். யார் எப்போது வந்தார் என்பது ஊருக்குத் தெரியும்.