ரோடு போட வந்த ரயில்

இந்தியாவின் முதல் ரயில் எதுன்னு கேட்டா, ஸ்கூல்ல படிச்சபடி 1853, பம்பாய்–தானேன்னு சொல்லுவோம். அது முதல் பயணிகள் ரயில், அவ்வளவுதான். அதுக்கு 16 வருஷம் முன்னாடியே, 1837-ல, நம்ம செங்குன்றத்துலேர்ந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரைக்கும் ரயில் ஓடியிருக்கு. ஆர்தர் காட்டன் போட்ட பாதை. அது சுமந்தது ஆளை இல்ல, கல்லை. எதுக்கு? மெட்ராஸ்ல ரோடு போட! சரக்கு ரயில்னா நம்ம கணக்குலயே வர்றதில்ல, என்ன பண்றது.

இரும்புத் தண்டவாளத்துல இரும்புச் சக்கரம் உருளும்போது தடை ரொம்பக் குறைவு. அதே இழுப்புக்கு ரோட்டைவிடப் பல மடங்கு சுமை நகரும். 2019 ஜூலைல ஜோலார்பேட்டைலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு வந்த தண்ணி ரயில் ஞாபகம் இருக்கா? 50 வேகன், ஒரே நடையில சுமார் 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரின்னா 200-க்கு மேல வேணும். ஒவ்வொண்ணும் 200 கிலோமீட்டருக்கு மேல ஓடணும், டீசல் செலவைக் கேக்கவே வேணாம்.

ஆனா ரயில் வில்லிவாக்கத்தோட நின்னுடும். அங்கேர்ந்து கீழ்ப்பாக்கத்துக்குக் குழாய். அந்தக் கோடையில எங்க சைதாப்பேட்டைல, ஸ்டேஷன் கூப்பிடு தூரத்துல இருந்தும், தெருவே குடத்தோட காத்துக்கிட்டிருந்தது லாரிக்குத்தான்.