பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன பாட்டி: சின்சினாட்டியின் விலக்குச் சட்டம்

ஊர்விலக்கம் என்றால் நமக்குப் பஞ்சாயத்துதான் ஞாபகத்துக்கு வரும். 1990களில் அமெரிக்க நகராட்சி மன்றங்கள் சில அதையே சட்டமாக எழுதி, வரைபடம் போட்டு, அமல்படுத்திப் பார்த்தன. ‘திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்களை நகரின் மையத்துக்குள் விடக்கூடாது’ என்பதுதான் வாதம். முதலில் இறங்கியது ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட், 1992இல். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, 1996இல் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி போட்ட சட்டம்.

அந்தச் சட்டம் குறிவைத்த இடத்தின் பெயரே ஒரு வரலாறு. ‘ஓவர் த ரைன்’, அதாவது ரைனுக்கு அக்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய பகுதி அது. ஊர் மையத்திலிருந்து அங்கே போக ஒரு கால்வாயைத் தாண்டணும். அதைத் தங்கள் ரைன் நதியாகவே பாவித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். கால்வாய் பிறகு வற்றடிக்கப்பட்டு, அதன் மேல் பெரிய சாலை வந்தது. (சாலைக்கு அடியில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பாதையும் இருக்கு. ரயில் மட்டும் ஓடவே இல்லை!) ஜெர்மானியர்கள் வசதி வந்ததும் வெளியேறினார்கள். அப்பலாச்சிய மலைப்பகுதி ஏழைகள் வந்தார்கள். பக்கத்து வட்டாரத்தை நெடுஞ்சாலைக்காக இடித்தபோது வீடிழந்த கறுப்பினத்தவர்களில் பலரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1990களில் இது நகர மையத்தை ஒட்டிய ஏழைப் பகுதி. தெருமுனையில் போதைப்பொருள் வியாபாரம் நடந்தது நிஜம். குடியிருந்தவர்களே அதனால் அவதிப்பட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் சொன்னது இதுதான். இந்தப் பகுதிக்குள் போதைப்பொருள் குற்றத்துக்காகக் கைதானால், 90 நாள் உள்ளே கால் வைக்கக்கூடாது. குற்றம் நிரூபணமானால் ஒரு வருடம். மீறி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. அங்கேயே வீடோ வேலையோ இருந்தால் விண்ணப்பித்து விலக்கு வாங்கலாம்.

முதல் வரியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ‘கைதானால்’! பழைய குற்றவாளி என்ற பேச்சு மன்றத்தோடு சரி, காகிதத்தில் வந்தபோது கைதே போதும் என்று ஆகிவிட்டது.

இதில் மாட்டியவர்களில் ஒரு பாட்டி. கஞ்சா விற்றதாகக் கைதானார், 90 நாள் தடை வந்தது. அவருடைய மகள் வீடு அந்தப் பகுதியில்தான். ஐந்து பேரப்பிள்ளைகள், அதில் இரண்டு பேரைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது பாட்டியின் வேலை. ஆனால் அவருக்கு அங்கே சொந்த வீடும் இல்லை, சம்பள வேலையும் இல்லை. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போவதற்கு விலக்குப் பட்டியலில் இடமே கிடையாது. தடையை மீறினார் என்று மறுபடியும் கைது. கடைசியில் கஞ்சா வழக்கைக் குற்றச்சாட்டுக் குழுவே ஏற்கவில்லை, தள்ளுபடி ஆனது. ஆக, அவர் மேல் மிஞ்சி நின்றது தெருவில் நடந்த குற்றம்தான்.

இன்னொருவர் வீடில்லாதவர், போதை வழக்குகளில் சிக்கியவர். அவருக்குச் சாப்பாடும் துணியும் தங்குமிடமும் தரும் தேவாலயங்களும் அமைப்புகளும் அந்தப் பகுதியில்தான் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அவருடைய வழக்கறிஞரின் அலுவலகமும் அங்கேயே! இந்தத் தடையை எதிர்த்து வழக்குப் போட வக்கீலைப் பார்க்கணும், வக்கீலைப் பார்க்கப் போனால் தடையை மீறணும்.

2001இல் ஓஹையோ உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லாது என்றது. மாநிலச் சட்டம் விதிக்கும் தண்டனைக்கு மேல் நகராட்சி தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பது அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதும் ஒரு காரணம். பாட்டியின் வழக்கில் 2002இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. பொதுத்தெருவில் நடமாடும் உரிமை, பேரப்பிள்ளைகளை வளர்ப்பதில் கைகொடுக்கும் உரிமை, இரண்டையும் அது பேசியது. இரண்டாவதுதான் என்னைப் பொறுத்தவரை கனமானது. குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் மட்டும்தான் என்று அந்த விலக்குப் பட்டியலை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

போர்ட்லண்டில் இதை முடித்துவைத்தது நீதிமன்றம் இல்லை, மேயர் டாம் பாட்டர். 1992இல் தடை மண்டலம் வந்தபோது அந்த ஊர்ப் போலீஸ் தலைவராக இருந்தவரும் இவரேதான். ஒரே மாதிரிக் கைதானாலும் கறுப்பினத்தவர்களுக்கே தடைச்சீட்டு கூடுதலாக விழுந்தது என்று நகரம் நடத்திய ஆய்வு சொன்னது. 2007 செப்டம்பரோடு சட்டத்தைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

யோசனை மட்டும் காலாவதி ஆகவில்லை. சியாட்டில் நகர மன்றம் 2024 செப்டம்பரில் 8க்கு 1 என்ற வாக்கில் போதைக் குற்றத்துக்கான தடை மண்டலங்களை மறுபடி கொண்டுவந்தது, நகர மையமும் அதில் அடக்கம். இந்தத் தடவை சீட்டுக் கிழிப்பது போலீஸ்காரர் இல்லை, நீதிபதி உத்தரவு போடணும். சின்சினாட்டியைவிட இது மேல்தான். ஆனால் அந்த உத்தரவைத் தீர்ப்புக்கு முன்னால், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே போடலாம்.