கோடைப் பள்ளியின் குசினிக் கதவு

2024 யூலையில் நாங்கள் இரண்டு பேர் இங்கிலாந்தின் தென்கரையோரம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆறு கிழமை வேலை செய்தோம். வருடத்தில் பத்து மாதம் அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். யூலை, ஒகஸ்டில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட, கட்டடம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் ஒரு நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா என்று பல நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கிலீஷ் படிப்பிக்கிறது. காலமை வகுப்பு, பின்னேரம் விளையாட்டு, சனிக்கிழமை லண்டன் சுற்றுலா. எங்களில் ஒருவருக்குக் குசினி வேலை. மற்றவருக்கு விடுதியில் பிள்ளைகளை எழுப்பி, எண்ணி, திருப்பிப் படுக்கவைக்கிற வேலை.

ஒருநாள் மத்தியானம், பதின்மூன்று வயது இத்தாலிப் பெடியன் ஒருவன் சாப்பாட்டுத் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டான்: "நீங்களும் இங்கிலீஷ் படிக்கத்தானா வந்தனீங்கள்?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறியத்தான் கேட்டான். "இல்லை, நாங்கள் இங்க பல்கலைக்கழகத்தில படிக்கிறம், இது லீவு வேலை" என்று சொன்னோம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். எங்களுக்குத்தான் அது போகவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் படித்து, விசாவுக்காக ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையும் எழுதி வந்தவர்கள் நாங்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒருவர் காசு கட்டிப் படிக்கிறார், ஒருவர் படிப்பிக்கிறார், ஒருவர் கோப்பை கழுவுகிறார். யார் எந்தக் கதவால் உள்ளே வருவது என்பதை எது தீர்மானித்தது? இரவில் வேலை முடிந்த பிறகு இதைப் பற்றி நிறையக் கதைத்தோம். திரும்பி வந்து வாசித்தோம். அதில் விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மூன்று பேரும் தோற்ற பரீட்சை

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இங்கிலீஷைக் கப்பலேற்றி வெளியே அனுப்பினார்கள். படிப்பதற்கு யாரும் இங்கிலாந்து போகத் தேவையில்லை, அது உங்கள் வாசலுக்கே வரும். எங்கட பக்கம் அது வெகு முந்தியே வந்தது. அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது 1823இல். இந்தியாவில் ஆங்கிலக் கல்வி பற்றிய மெக்காலேயின் குறிப்பு 1835இல்தான் வருகிறது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

இங்கிலாந்துக்குள்ளே வெளிநாட்டவருக்கு இங்கிலீஷ் படிப்பிப்பதும் பரீட்சை வைப்பதும் பிறகுதான் பெரிய தொழிலாக வளர்ந்தது. 1913இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களுக்கென ஒரு பரீட்சையைத் தொடங்கியது. பன்னிரண்டு மணித்தியாலப் பரீட்சை. முதல் வருடம் எழுதியது மூன்று பேர். மூன்று பேருமே சித்தியடையவில்லை. இன்று உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானவர்கள் காசு கட்டி எழுதும் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளின் தொடக்கம் அதுதான்.

சிறைமுகாமில் ஒரு பல்கலைக்கழகம்

இந்த வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த ஒரு ஆள் பிராங்க் பெல். இரண்டாம் உலகப் போரில் யப்பானியரிடம் பிடிபட்டு, போர்னியோவின் குச்சிங்குக்கு அருகே பத்து லிந்தாங் முகாமில் கைதியாக இருந்தவர். பசியும் நோயும் நிறைந்த அந்த முகாமில், காவலாளிகளுக்குத் தெரியாமல் மொழி வகுப்புகளை நடத்தினார். கிடைத்த கடதாசித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி கொப்பியாக்கினார்கள். அதற்குக் குச்சிங் பல்கலைக்கழகம் என்றே பெயர் வைத்தார்கள். ஒருவரின் மொழியை மற்றவர் படித்தால் அடுத்த போரைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பெல்லுக்கு இருந்தது. போர் முடிந்து, 1955இல் கேம்பிரிட்ஜில் வெளிநாட்டவருக்கான மொழிப் பள்ளியைத் தொடங்கினார்.

அதே காலத்தில் ஜோன் ஹேகிராப்ட், பிரிட்டா ஹேகிராப்ட் தம்பதியர் 1953இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1959இல் லண்டனுக்கு வந்தார்கள். அங்கே 1962இல், இங்கிலீஷ் படிப்பிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டே கிழமையில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இன்றைய ஒரு மாத ஆசிரியர் சான்றிதழின் வேர் இதுதான். கோடைப் பள்ளி என்ற தொழிலுக்கு இது மிக முக்கியமான திருப்பம். ஆசிரியர் கல்லூரியில் வருடக்கணக்கில் படிக்காத ஒரு இளம் பட்டதாரியை, குறுகிய பயிற்சியோடு கோடைக்கு மட்டும் எடுத்து, ஒகஸ்ட் முடிய அனுப்பலாம் என்றாகியது. நிரந்தர வேலை இல்லாத ஆசிரியர் கூட்டம் ஒன்று இதனால் உருவானது. நாங்கள் குசினிக்குள் நின்று பொறாமையோடு பார்த்த அந்த ரீச்சர்மாருக்கும் செப்ரெம்பரில் வேலை இல்லை. அவர்களும் எங்களைப்போல ஆறு கிழமைக்காரர்தான்.

வெறிச்சோடிய கடற்கரையும் காலியான விடுதியும்

அடுத்தது இடம். பிறைற்றன், ஹேஸ்ரிங்ஸ், ஈஸ்ற்போர்ன், போர்ன்மத் எல்லாம் ஒரு காலத்தில் ஆங்கிலேயத் தொழிலாளர்களும் நடுத்தர வர்க்கமும் விடுமுறைக்குப் போன கடற்கரை நகரங்கள். 1960களிலும் 70களிலும் மலிவான விமானச் சுற்றுலா வந்ததும், அந்தச் சனம் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கியது. விடுதி அறைகளும், அறை வாடகைக்கு விட்டுப் பிழைத்த வீட்டுக்காரப் பெண்களும் ஆளில்லாமல் நின்றார்கள். அந்த இடத்தை மொழிப் பள்ளி மாணவர்கள் நிரப்பினார்கள். 1965இல் பேர்ட்டில் ஹுல்ட் என்ற இளைஞர் சுவீடனின் லுண்ட் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே 'ஐரோப்பிய விடுமுறைப் பள்ளி'. சுவீடன் பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கூட்டிவந்து, குடும்பங்களோடு தங்கவைத்துப் படிப்பித்தது. இன்று ஈஎஃப் என்ற பெயரில் உலகெங்கும் இருப்பது அதுவே.

விடுதிப் பள்ளிகளின் கதை இன்னும் பழையது. அவற்றில் பல பேரரசின் பிள்ளைகளால் வளர்ந்தவை. இந்தியாவிலும் இலங்கையிலும் உத்தியோகம் பார்த்த, தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர், பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கப்பலில் 'ஊருக்கு' அனுப்பினார்கள். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங்கை 1871இல், ஆறு வயது முடியும் முன்பே, தங்கையோடு சவுத்சீயில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் விட்டுப் போனார்கள். அந்த வீட்டில் பட்ட கொடுமையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. எங்கட மலையகத்துத் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பிள்ளைகளும் இப்படித்தான் போனார்கள். அந்தக் கட்டணத்தின் ஒரு பங்கு எந்த மலையில் யாருடைய கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது என்பதை நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாங்கள் தங்கியிருந்த பள்ளியின் மண்டபச் சுவரில் பழைய மாணவர்களின் பெயர்ப்பலகை இருந்தது. அதில் 'சிலோன்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் தட்டு அடுக்கிக்கொண்டு அதற்குக் கீழாலதான் போய்வந்தோம்.

கதவுகள் எப்படிச் சாத்தப்பட்டன

இனி, வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? 1945இல் பிரித்தானியா ஐரோப்பிய இளைஞர்களைக் கோடையில் பண்ணை வேலைக்கு எடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்டே இங்கிலீஷ் பழகும் 'ஓ பேர்' பெண்கள் இன்னொரு பக்கம் வந்தார்கள். 'வேலை செய், மொழியும் பழகு' என்ற ஏற்பாடு ஐரோப்பிய இளைஞருக்கு அப்போதிருந்தே இருந்தது. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்த பிறகு அது இன்னும் இலகுவானது. 2004இல் போலந்து முதலான நாடுகளும் ஒன்றியத்தில் சேர, கோடைப் பள்ளிகளுக்கு ஆள் பஞ்சமே இருக்கவில்லை.

எங்களுக்கான கதவு எதிர்த்திசையில் அசைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுநலவாய நாட்டவர் தடையில்லாமல் பிரித்தானியாவுக்குப் போய் வேலை செய்யலாம். (அதே 1948இல் கொழும்பில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆகவே இந்த 'எல்லோரும் போகலாம்' என்பதில் எங்களில் ஒரு பெரும் பகுதி முதலிலேயே இல்லை.) 1962இல் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் அந்தச் சுதந்திரத்தை வெட்டியது. 1983 யூலைக்குப் பிறகு தமிழர் புகலிடம் தேடி வரத் தொடங்க, 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மேல் அப்படி விதித்தது அதுதான் முதல் தடவை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நைஜீரியா, கானா நாட்டவருக்கு அடுத்த வருடம் வந்தது.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் உடுப்பைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதே வருடம், விசா இல்லாத பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி, புகலிடம் கேட்டவர்களை அதில் அடைத்தார்கள். பலர் தமிழர். ஒக்ரோபரில் வந்த பெரும் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து போனது. அந்த வருடக் கோடையிலும் ஐரோப்பியப் பிள்ளைகள் கப்பலேறி இங்கிலீஷ் படிக்க வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

2020 முடிவோடு ஐரோப்பியரின் சுதந்திர நடமாட்டமும் நின்றது. 2008இல் தொடங்கிய இளையோர் பரிமாற்ற விசாவில் அவுஸ்திரேலியா, கனடா, யப்பான் போன்ற நாடுகள் இருக்கின்றன. இந்தியாவுக்கு 2023 முதல் வருடம் 3,000 இடம் என்று தனித் திட்டம், அதுவும் குலுக்கல் முறையில். இலங்கை இரண்டிலும் இல்லை. ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசும் நாடுகள் என்று உள்துறை அலுவலகம் வைத்திருக்கும் பட்டியலிலும் இலங்கை இல்லை. அதனால்தான் வட்டுக்கோட்டையில் இருநூறு வருடமாக இங்கிலீஷ் படித்தும் எங்களுக்குப் பரீட்சை.

மிஞ்சியது மாணவர் விசா. பட்டப்படிப்பில் இருப்பவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலமும் விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். ஐரோப்பியர் விட்டுப்போன இடத்தை நாங்கள் நிரப்பியது இப்படித்தான். குசினியில் எங்களோடு நின்றவர்கள் நேபாளம், நைஜீரியா, கேரளா. எல்லோரும் மாணவர்கள்.

எங்கட கணக்கு

எண்பதுகளில் வெளிக்கிட்ட எங்கட மாமாமார் சித்தப்பாமார் கோப்பை கழுவின கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது: 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். எங்களுக்கு ஒப்பந்தத்தில் 40 மணித்தியாலம், சாப்பாடும் அறையும் போகக் கிழமைக்கு 390 பவுண். நாங்கள் கொப்பியில் எழுதி வைத்ததோ 51 மணித்தியாலம். அந்த வருடம் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு மணித்தியாலத்துக்கு 11.44 பவுண். அறைக்காக நாளொன்றுக்கு 9.99 மட்டும் கணக்கில் எடுக்கலாம், சாப்பாட்டுக்கு ஒரு சதமும் எடுக்கேலாது. கூட்டிக் கழித்தால் கிழமைக்கு 513.51 வரவேண்டும். 123 பவுணுக்கு மேல் குறைந்தது.

"விசாவில பிரச்சினை வந்தாலும்" என்று முதலில் பயந்தோம். பிறகுதான் விளங்கியது: எங்கள் விசாவுக்குப் பொறுப்பு பல்கலைக்கழகமே தவிர, கோடை முதலாளி இல்லை. ஏகாஸ் என்ற பொது அமைப்பிடம் தொலைபேசியில் கேட்டு, கொப்பியைப் படம் பிடித்து ஒரு கடிதம் அனுப்பினோம். ஒக்ரோபரில் நிலுவையின் பெரும்பகுதி வந்தது. முழுவதும் வரவில்லை. குசினியில் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை. அவர்களுக்கு மணித்தியாலக் கணக்கு எதுவும் எழுத்தில் இருக்கவில்லை. அதில் ஒருவர் முதுகலை மாணவர். முதுகலைக்காரருக்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் கோடை விடுமுறையாகக் கணக்கில் வராது, 20 மணித்தியால எல்லை அப்போதும் உண்டு. அது தெரியாமல் வந்து, தெரிந்த பிறகு வாய் திறக்கப் பயந்துபோய் நின்றார். அவரை யோசித்துத்தான் இதை எழுதத் தொடங்கினோம்.

இந்த வருடமும் காணியை ஈடு வைத்து, சங்கிலியை அடகு வைத்து எங்கட தம்பி தங்கச்சிமார் வெளிக்கிடுகிறார்கள். கோடை வேலைக்குப் போறவர்கள் போகத்தான் போவார்கள். போகேக்க, உங்கள் படிப்புக்கு எத்தனை மணித்தியாலம் அனுமதி என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கோ. பையில ஒரு சின்னக் கொப்பி வையுங்கோ. வேலை தொடங்கின நேரம், முடிந்த நேரம் இரண்டையும் அன்றன்றே எழுதுங்கோ. பக்கத்தில நிற்கிறவரையும் எழுதச் சொல்லுங்கோ.